வீடியோவில் பாடத் தொடங்கி சொந்தப் பாட்டோடு நிற்பது: புதியவர்களுக்கான செய்முறை

பிறர் பாட்டைப் பாடிப் போட்ட வீடியோவுக்குக் கூட்டம் வருகிறது. சொந்தப் பாட்டைப் போட்டால் அதே கூட்டம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இணைய வீடியோவில் தொடங்கும் பாடகர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். வந்தவர்கள் அந்தப் பாட்டைத் தேடி வந்தவர்கள். உங்களைத் தேடி இன்னும் யாரும் வரவில்லை, அவ்வளவுதான். கவர், அதாவது பிறர் பாட்டை நீங்கள் பாடியது, கேட்க வந்தவரை உங்கள் பாட்டுவரை கூட்டிப்போவதும், அந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்வதும் இந்தத் தொழிலின் பாதி வேலை. கீழே உள்ள படிகள் அந்த நோக்கில் அடுக்கியவை.

படி 1: கையில் பாட்டு இருக்கட்டும்

சேனல் திறக்கும் முன் நான்கு சொந்தப் பாட்டும் ஆறு கவரும் பாடத் தயாராக இருக்க வேண்டும். வாரம் ஒன்று என்றால் பத்து வாரத்துக்கு வரும். கைச்சரக்கு இல்லாமல் இறங்கினால் மூன்றாவது வாரமே அவசரத்துக்கு எதையாவது பாடிப் போட வேண்டிவரும். புதிதாக வருபவர் கண்ணில் முதலில் படுவது அதுவாக இருந்துவிடலாம்.

உங்கள் சொந்தப் பாட்டின் வேகம், மனநிலை, கருவி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் கவர்களைத் தேர்ந்தெடுங்கள். துள்ளல் பாட்டாகப் பாடிக் கூட்டம் சேர்த்துவிட்டு, ஒற்றைக் கிட்டாரோடு சோகப் பாட்டு வெளியிட்டால் வந்தவர்கள் கலைந்துபோவார்கள். மூலப் பாடகரின் சுருதியிலேயே பாட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தொண்டையை இறுக்கிப் பாடுவதைவிட ஒரு கட்டை இறக்கி நிதானமாகப் பாடுவது காதுக்கு நன்றாக இருக்கும்.

சொந்தப் பாட்டுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஒரே கருவியோடு முழுப் பாட்டையும் கைபேசியில் பதிந்து, மறுநாள் கேளுங்கள். எந்த இடத்தில் தள்ளி ஓட்டக் கை போகிறதோ அங்கே வெட்டுங்கள். பெரும்பாலும் அது முன்னிசையாக இருக்கும். வீடியோவில் குரல் முதல் 10 நொடிக்குள்ளும் பல்லவி முதல் நிமிடத்துக்குள்ளும் வந்துவிடுவது நல்லது.

பெயரையும் இப்போதே முடிவு செய்யுங்கள். யூடியூப், ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் மூன்றிலும் தேடிப் பார்த்து, அதே பெயரில் வேறு கலைஞர் இருந்தால் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் பின்னால் உங்கள் பாட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். அதைப் பிரித்தெடுக்க நாள்கணக்கில் மின்னஞ்சல் எழுத வேண்டிவரும்.

படி 2: ஒலிப்பதிவு

படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஒலி மோசமாக இருந்தால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். செலவையும் நேரத்தையும் முதலில் இங்கே போடுங்கள்.

தேவையானவை: ஒரு கார்டியாய்டு மைக் (முன்பக்க ஒலியை மட்டும் அதிகம் பிடிப்பது), இரண்டு உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), மைக் ஸ்டாண்ட், பாப் ஃபில்டர் (வாயிலிருந்து வரும் காற்றடியைத் தடுக்கும் வலை), காதை முழுக்க மூடும் வயர் ஹெட்ஃபோன். ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம். அதில் ஒலி தாமதமாக வரும், தாளம் பிசகும். மைக்கில் இரண்டு வகை உண்டு: நுணுக்கமான ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர், பக்கத்து ஒலியை மட்டும் அதிகம் பிடிக்கும் டைனமிக். அறையில் எதிரொலி அதிகம் என்றால் கண்டென்சரைவிட டைனமிக் கைகொடுக்கும். கண்டென்சர் வாங்கினால் இன்டர்ஃபேஸில் மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பான்டம் பவர் பொத்தானை அழுத்த மறக்காதீர்கள். 'மைக் வேலை செய்யவில்லை' என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பொத்தானைத்தான்.

வெறும் சுவர்களுக்கு நடுவே பாடினால் குளியலறை ஒலி வரும். துணி நிறைந்த அலமாரி, மெத்தை, தடித்த போர்வை ஆகியவற்றைப் பாடுபவரின் முதுகுப் பக்கமும் பக்கவாட்டிலும் வையுங்கள். கார்டியாய்டு மைக் தன் முன்பக்கம் இருப்பதைக் கேட்கும், பின்பக்கம் இருப்பதைத் தள்ளும். ஆகவே உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரின் எதிரொலிதான் நேராக அதற்குள் போகும். மைக்குக்குப் பின்னால் மட்டும் நுரைப்பலகை ஒட்டுவது பெரிய பலன் தராததற்குக் காரணம் இதுதான். மின்விசிறி, குளிர்சாதனம் இரண்டையும் அணைத்து, கைபேசியை ஃப்ளைட் மோடில் போடுங்கள்.

மைக்குக்கும் வாய்க்கும் இடையே 15 முதல் 20 செ.மீ. இடைவெளி விடுங்கள். நெருங்கினால் அடிக்குரல் கனத்துக் குழையும், விலகினால் அறைதான் கேட்கும். கிட்டாருக்குத் தனி மைக் வைப்பதாக இருந்தால் ஒலித்துளைக்கு நேராக வைக்காதீர்கள், 'கும்' என்று அடிக்கும். பன்னிரண்டாவது ஃப்ரெட் பக்கம் நோக்கி 20 முதல் 30 செ.மீ. தள்ளி வையுங்கள். இரண்டு மைக்கையும் சேர்த்துக் கேட்கும்போது ஒலி மெலிந்து வெற்றாகக் கேட்டால் ஒன்றின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்கீழ்த் திசையை) மென்பொருளில் திருப்பிப் பாருங்கள். எது தடிமனாகக் கேட்கிறதோ அதுவே சரி.

பாட்டின் மிகச் சத்தமான வரியைப் பாடிக்கொண்டே இன்டர்ஃபேஸின் கெயினை (மைக் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகை) திருப்புங்கள். உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நின்றால் போதும். பூச்சியத்தைத் தொட்டால் ஒலி உடையும், பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. பதிவு அமைப்பு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். வீடியோவின் ஒலியும் வழக்கமாக அதே 48தான். அதை 44.1 என்று தவறாக எடுத்துக்கொள்ளும் மென்பொருளில் போட்டால் பாட்டு மெதுவாக ஓடும், சுருதியும் இறங்கும். 'என் குரல் ஏன் கனத்திருக்கிறது' என்று குழம்புவதற்கு இது ஒரு காரணம்.

படி 3: படம்

இதை நீட்ட வேண்டியதில்லை. சன்னலைப் பார்த்து உட்காருங்கள், சன்னலுக்கு முதுகு காட்டாதீர்கள். கைபேசியைக் கண் உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, திரையில் முகம் தெரியும் இடத்தை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் தலையை அசைக்கும்போதெல்லாம் படம் மங்கித் தெளியும். லென்ஸைத் துடையுங்கள். தொடங்கும்போது கேமராவுக்குத் தெரியும்படி ஒருமுறை கைதட்டுங்கள்.

அந்தக் கைதட்டல்தான் படத்தையும் ஒலியையும் பொருத்த உதவும் அடையாளம். கேமராவின் ஒலித்தடத்தில் தெரியும் கூர்முனையையும், மைக் பதிவின் கூர்முனையையும் ஒரே கோட்டில் வைத்துவிட்டுக் கேமரா ஒலியை அணைத்துவிடுங்கள். தொடக்கத்தில் பொருந்திய உதட்டசைவு மூன்றாவது நிமிடத்தில் விலகினால் உங்கள் மேல் தப்பில்லை. பல கைபேசிகள் ஃப்ரேம் வேகத்தை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) நிலையாக வைத்திருப்பதில்லை. ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு மீண்டும் பொருத்துங்கள்.

உதட்டசைத்து நடிப்பதா, நேரடியாகப் பாடுவதா என்ற கேள்வி எப்போதும் வரும். தொடக்கக்காரர்களுக்கு நேரடியே நல்லது. பாம்பலமூஸ் என்ற அமெரிக்க இரட்டையர் 'வீடியோசாங்' என்று பெயரிட்டுக் கடைப்பிடித்த இரண்டு விதிகள் இங்கே கைகொடுக்கும்: படத்தில் தெரிவது உண்மையில் ஒலித்ததாக இருக்க வேண்டும், காதில் விழுவது படத்தில் எங்காவது ஒருமுறை தெரிய வேண்டும். ஒரே ஆள் நான்கு கருவி வாசித்தாலும் பார்ப்பவருக்கு நம்பிக்கை வரும்.

படி 4: கலவை

குரல் தடத்தில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள் (ஆழ்ந்த ஆண்குரலுக்கு 60). அங்கே இருப்பது பெரும்பாலும் ஸ்டாண்டின் அதிர்வும் அறையின் இரைச்சலும்தான். சத்தமான இடங்களை அடக்கும் கம்ப்ரஸரில் 3:1 விகிதம் வைத்து, சத்தமான இடங்களில் 3 முதல் 6 டெசிபல் குறைகிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் அழுத்தினால் ஒவ்வொரு மூச்சும் பெருமூச்சாகக் கேட்கும். ரிவெர்ப் (செயற்கை எதிரொலி): கேட்கும் அளவுக்குச் சேர்த்துவிட்டு, அதில் பாதியாகக் குறையுங்கள்.

மொத்தச் சத்தம் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அளவு) பக்கம், உச்சம் மைனஸ் 1 டெசிபல். அதைவிடச் சத்தமாக ஏற்றினால் யூடியூப் தானே குறைத்துவிடும். நீங்கள் நசுக்கியதுதான் மிச்சம். முடித்ததும் ஹெட்ஃபோனை எடுத்துவிட்டுக் கைபேசி ஸ்பீக்கரில் கேளுங்கள். பலர் கேட்கப் போவது அதில்தான். வரிகள் அங்கே புரியவில்லை என்றால் கலவை இன்னும் முடியவில்லை.

படி 5: கவர் பாட்டும் உரிமையும்

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. மெட்டும் வரியும் ஒன்று. அதைப் பாடிப் பதிந்த ஒலித்தடம், அதாவது மாஸ்டர், இன்னொன்று. கவர் பாடும்போது மாஸ்டர் உங்களுடையது, மெட்டும் வரியும் பிறருடையது. இந்தப் பிரிவு புரிந்துவிட்டால் மீதிக் குழப்பங்களில் பாதி தீரும்.

வீடியோவில் கவர் போட்டால் கன்டென்ட் ஐடி (பதிந்த பாட்டு பிறர் வீடியோவில் இருக்கிறதா என்று தானாகத் தேடும் யூடியூப் அமைப்பு) வழியாக உரிமைகோரல் வரலாம். பதற வேண்டாம். உரிமைகோரல் வேறு, காப்புரிமை ஸ்ட்ரைக் வேறு. முதலாவதில் வீடியோ பெரும்பாலும் அப்படியே இருக்கும், விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும். தகுதியான கவர்களில், யூடியூபின் விளம்பரப் பங்குத் திட்டமான பார்ட்னர் திட்டத்தில் உள்ளவர்களுக்குப் பங்கும் கிடைப்பதுண்டு. ஸ்ட்ரைக் 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போகும். மூலப் பாட்டின் ஒலித்தடத்தையோ, இணையத்தில் எடுத்த கரோக்கேயையோ பின்னணியில் ஓட்டினால் பிறருடைய மாஸ்டரையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறீர்கள். கருவியை நீங்களே வாசிப்பதோ, வாசிக்கத் தெரிந்தவரோடு சேர்ந்து பாடுவதோ பாதுகாப்பு. அதே கவரை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்பினால் மெக்கானிக்கல் உரிமம் (மெட்டையும் வரியையும் பதிந்து வெளியிடும் அனுமதி) தனியாக வேண்டும். வீடியோவில் விட்டார்கள் என்பதால் அங்கேயும் விடுவார்கள் என்று எண்ண வேண்டாம்.

இன்னொரு பொறி, இணையத்தில் குத்தகைக்குக் கிடைக்கும் பீட்கள், அதாவது பாடத் தயாரான பின்னணி இசைத்தடங்கள். ஒரே பீட்டைப் பத்துப் பேர் வாங்கியிருப்பார்கள். அதன் மேல் பாடிய பாட்டை நீங்கள் கன்டென்ட் ஐடியில் பதிந்தால் மற்ற ஒன்பது பேர் வீடியோவையும் அது பிடிக்கும். அவர்களில் ஒருவர் பதிந்தால் உங்களுடையது சிக்கும். குத்தகை பீட் இருக்கும் பாட்டுக்குக் கன்டென்ட் ஐடி கேட்காதீர்கள்.

சொந்தப் பாட்டை இருவர் சேர்ந்து எழுதினால், எழுதிய அன்றே ஒரு பக்கத்தில் பங்குப் பட்டியல் போடுங்கள்: சட்டப்படியான பெயர், யார் மெட்டு, யார் வரி, யாருக்கு எத்தனை சதவீதம், மொத்தம் 100, கையொப்பம், தேதி. மாஸ்டரின் பங்கைத் தனி வரியில் எழுதுங்கள். நண்பர்களுக்குள் இதெல்லாம் எதற்கு என்று கூச்சமாக இருக்கும். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு கேட்பது அதைவிடக் கூச்சம்.

படி 6: கவரிலிருந்து சொந்தப் பாட்டுக்கு

நன்றாக ஓடும் கவரின் கடைசி வரி முடிந்ததும், கிட்டாரை நிறுத்தாமல் அதே தாளத்தில் உங்கள் பாட்டின் பல்லவியை நான்கு வரி பாடிவிட்டு நிறுத்துங்கள். 'முழுப் பாட்டு இங்கே' என்று எண்ட் ஸ்கிரீன் (வீடியோ முடிவில் வரும் இணைப்புப் பலகை) வையுங்கள். அதைக் கடைசி 5 முதல் 20 நொடிக்குள்தான் வைக்க முடியும், ஆகவே அந்த இடத்தைப் படப்பிடிப்பின்போதே ஒதுக்குங்கள். அதே இணைப்பை, கருத்துகளின் உச்சியில் நிறுத்திவைக்கும் (பின்) கருத்திலும் போடுங்கள். 'சப்ஸ்கிரைப் செய்யுங்கள்' என்று கெஞ்சுவதைவிட இந்த நான்கு வரி வேலை செய்யும்.

தொடக்கத்தில் மூன்று கவருக்கு ஒரு சொந்தப் பாட்டு. திரும்பி வரும் பார்வையாளர் எண்ணிக்கை ஏற ஏற, விகிதத்தை மெல்லத் திருப்புங்கள். மொத்தப் பார்வைகளை எண்ணிக்கொண்டிருக்காமல் அந்த ஒரு எண்ணையும், பார்வையாளர் எந்த நொடியில் விலகுகிறார் என்று காட்டும் ரிடென்ஷன் வரைபடத்தையும் பாருங்கள்.

வெளியீட்டுக்கு ஆறு வாரம் முன்பே மாஸ்டரை முடித்துவிடுங்கள்: 24 பிட் வேவ் கோப்பு, 3000க்கு 3000 பிக்ஸல் அட்டைப்படம். அட்டையில் இணைய முகவரி, விலை, தளங்களின் சின்னம் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். நான்கு வாரம் முன்பு டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்பும் நிறுவனம்) வழியாக ஏற்றுங்கள். அவர்களில் ஆண்டுக் கட்டணம் வாங்குவோரும் உண்டு, வருமானத்தில் சதவீதம் எடுப்போரும் உண்டு. ஆண்டுக் கட்டணத்தை நிறுத்தினால் பாட்டு இறக்கப்படுமா என்பதை முதலில் படியுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் அந்தப் பதிவை அடையாளம் காட்டும், 12 எழுத்து கொண்ட ஐஎஸ்ஆர்சி எண் கிடைக்கும், குறித்து வையுங்கள். நாளை வேறு டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாறும்போது அதே எண்ணைக் கொடுக்காவிட்டால் பழைய ஸ்ட்ரீம் கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்கிவிடக்கூடும்.

ஸ்பாட்டிஃபையின் பாட்டுப் பட்டியல்களைத் தொகுக்கும் ஆசிரியர் குழுவுக்குப் பாட்டை முன்வைக்க, வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே 'ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்டிஸ்ட்ஸ்' வழியாக அனுப்பியிருக்க வேண்டும். பணம் கொடுத்தால் இத்தனை ஆயிரம் ஸ்ட்ரீம் உறுதி என்று வரும் செய்திகளுக்குப் பதில் எழுதாதீர்கள். அந்த ஸ்ட்ரீம்களை ஓட்டுவது பெரும்பாலும் மனிதர்கள் அல்ல, தானியங்கி நிரல்கள். பிடிபட்டால் பாட்டே நீக்கப்படும்.

படி 7: பணம்

யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சப்ஸ்கிரைபர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது சப்ஸ்கிரைபர்களோடு, 90 நாளில் ஷார்ட்ஸில் (யூடியூபின் குறுவீடியோக்களில்) ஒரு கோடிப் பார்வை. ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரம் அந்த 4,000 மணியில் சேராது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமாவது தொட்டால்தான் பதிவுக்கான ராயல்டி. முதல் ஆண்டில் இவற்றை நம்பி வேலையை விடாதீர்கள்.

தொடக்கத்தில் நேரடியாகக் கைக்கு வருவது ரசிகர் ஆதரவும் மேடையும்தான். ரசிகர்கள் கலைஞர்களுக்கு நேரடியாகப் பணம் தரும் பேட்ரியான் தளத்தை 2013இல் தொடங்கிய இருவரில் ஒருவரான ஜாக் கான்ட்டி, மேலே சொன்ன பாம்பலமூஸில் பாதி. வீடியோ வருமானம் ஒரு இசைக்கலைஞருக்குப் போதாது என்பது அந்தத் தளத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. இதோடு மின்னஞ்சல் பட்டியல் ஒன்றைத் தொடங்குங்கள். சேனல் முடங்கினாலும் அந்த முகவரிகள் உங்களிடம் இருக்கும். எழுதிய பாட்டுகளை உங்கள் நாட்டின் உரிமைச் சங்கத்தில் பதிந்துவிடுங்கள். மேடையிலும் வானொலியிலும் ஒலிப்பதற்கான ராயல்டியை டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கித் தரமாட்டார்.

படி 8: ஒப்பந்தம் வந்தால்

பார்வைகள் ஏறியதும் யாராவது தாள் நீட்டுவார்கள். நான்கு இடங்களைத் தேடுங்கள். மாஸ்டர் விற்கப்படுகிறதா, உரிமம் மட்டும் தரப்படுகிறதா? உரிமம் என்றால் எத்தனை ஆண்டு, முடிந்ததும் உங்களிடம் திரும்புவது எழுதப்பட்டிருக்கிறதா? அட்வான்ஸ், அதாவது முன்பணம், எந்த வருமானத்திலிருந்து கழிக்கப்படும்? அது கழியும்வரை உங்கள் பங்கு கைக்கு வராது. வீடியோ எடுத்த செலவும் அதே கணக்கில் சேர்ந்தால் கழியும் நாள் இன்னும் தள்ளிப்போகும். மேடை வருமானத்திலும் பொருள் விற்பனையிலும் பங்கு கேட்கிறார்களா? அடுத்தடுத்த ஆல்பங்களைக் கேட்கும் 'ஆப்ஷன்' யார் கையில்? பெரும்பாலும் நிறுவனத்தின் கையில் இருக்கும். எத்தனை ஆப்ஷன் என்ற எண்ணைத்தான் பேசிக் குறைக்க வேண்டும். இசை ஒப்பந்தம் பார்க்கும் வழக்கறிஞரிடம் தாளைக் காட்டுங்கள், எதிர்த்தரப்பு சிபாரிசு செய்பவரிடம் வேண்டாம். 'இன்று மாலைக்குள் கையெழுத்து' என்று அவசரப்படுத்தினால் அந்த மாலையைக் கடந்துபோக விடுங்கள்.