தூண்டிய மூளையும் கூடிய நொதியும்: எங்கே தவறுகிறோம்?

மூளையின் ஒரு பகுதியில் மெல்லிய மின்முனையைச் செருகி மின்துடிப்புகளைச் செலுத்துகிறார்கள். பிறகு மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் மூளைத் தண்டுவட நீரை எடுத்து அளக்கிறார்கள். அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் என்ற நொதி கூடியிருக்கிறது. உடனே "தூண்டியதால் நரம்பணுக்கள் நொதியைச் சுரந்தன" என்று எழுதிவிடத் தோன்றும். 1979இல் சூசன் கிரீன்ஃபீல்டு, டேவிட் ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் முயல்களில் இந்தக் கேள்வியை ஆராய்ந்த காலத்திலிருந்தே, அந்த ஒரு வரியை எழுதுவதற்கு எவ்வளவு உழைக்க வேண்டும் என்பது தெரிந்த விஷயம்தான். ஆனாலும் புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் அதே இடங்களில்தான் இடறுகிறார்கள்.

முதல் இடறல், கசிவைச் சுரப்பு என்று எண்ணிவிடுவது. மின்முனை எவ்வளவு மெல்லியதானாலும் அது போகும் வழியில் செல்கள் கிழியும். கிழிந்த செல்லிலிருந்து எல்லாம்தான் வெளியே கொட்டும், நாம் தேடும் நொதியும் சேர்த்து. ஆகவே அதே மாதிரியில் லாக்டேட் டிஹைட்ரோஜினேஸையும் அளக்க வேண்டும். அது செல்லின் உள்ளே இருக்கும் நொதி; செல் சிதைந்தால்தான் பெருமளவில் வெளியே வரும். அது அசையாமல் இருக்க, அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் மட்டும் உயர்ந்தால் சுரப்பு என்ற வாதத்துக்கு வலு உண்டு. இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் நாம் அளந்தது காயத்தை. மின்முனையைச் செருகிவிட்டு, மின்சாரம் செலுத்தாமல் அதே நேரம் காத்திருந்து எடுத்த ஒப்பீட்டு மாதிரியும் கையில் இருக்க வேண்டும். அது இல்லாத ஆய்வை நான் நம்புவதில்லை.

அடுத்தது ரத்தம். என் கணக்கில் மிகுதியான முடிவுகளைக் கெடுப்பது இதுதான். நல்ல மூளைத் தண்டுவட நீர் வெறும் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். குழாயில் விழும் முதல் சொட்டுகளில் லேசான இளஞ்சிவப்பு தெரிந்தாலே எச்சரிக்கையாக வேண்டும், ஏனெனில் சிவப்பணுக்களின் சவ்வில் இதே நொதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாதிரியை எடுத்த கையோடு மையவிலக்கியில் சுழற்ற வேண்டும். அடியில் சிவப்புப் புள்ளி படிந்து, மேலே உள்ள நீர் நிறமற்று இருந்தால் ஓரளவு நிம்மதி. மேல்நீரும் சிவந்திருந்தால் அணுக்கள் ஏற்கெனவே உடைந்துவிட்டன. அந்த மாதிரியை ஒதுக்கிவிடுவதே நல்லது. நிறமற்ற நீரிலும் ரத்தத்தின் பிளாஸ்மா கலந்திருக்கலாம். அதோடு வருவது பியூட்டிரைல்கோலின்எஸ்டரேஸ் என்ற உறவுக்கார நொதி. நொதியின் செயல்பாட்டை நிறத்தால் அளக்கும், 1961 முதல் வழக்கில் உள்ள எல்மன் முறையில் மஞ்சள் நிறம் எவ்வளவு அடர்ந்தது என்றுதான் பார்க்கிறோம். அந்த மஞ்சளை உண்டாக்கியது எந்த நொதி என்பதை நிறம் சொல்லாது. ஒன்றை மட்டும் முடக்கும் தடுப்பானைச் சேர்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

செயல்பாட்டையும் அளவையும் குழப்பிக்கொள்வதும் உண்டு. இந்த நொதியை முடக்கும் அல்சைமர் நோய் மருந்தான டோனெபெசில் மாத்திரை எடுத்துக்கொள்பவரின் நீரில் இந்த நொதிப் புரதத்தின் அளவு கூடியிருக்கும். ஆனால் அதில் ஒரு பகுதி மருந்தால் முடங்கியிருக்கும்.

எங்கே, எப்போது எடுத்த நீர் என்பதும் முக்கியம். வளர்ந்த மனிதரின் உடலில் எந்நேரமும் சுமார் 150 மில்லிலிட்டர்தான் இந்த நீர் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரக்கிறது, அதாவது நாளொன்றுக்கு மூன்று முறைக்கு மேல் முழுவதும் மாறிவிடுகிறது. மூளையின் ஆழத்தில் நடந்ததை இடுப்பில் ஊசி போட்டு எடுத்த நீரில் அப்படியே தேட முடியாது. நீர் சுரப்பது குறைந்தாலும் செறிவு உயரும், ஒரு துளி நொதிகூடப் புதிதாக வெளிவராமலே.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த சிக்கல். இந்த நொதியின் பாடநூல் வேலை, நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சிதைப்பது. ஆகவே நொதி கூடினால் அங்கே அசிட்டைல்கோலின் வேலை செய்திருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் மூளையின் ஆழத்தில் உள்ள கரும்பொருள் (substantia nigra) என்ற பகுதியில், டோபமைன் என்ற வேறொரு செய்தி கடத்தும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களே இந்த நொதியை நிறைய வைத்திருக்கின்றன. அவையே அதை வெளியிடவும் செய்கின்றன. 1980இல் பூனையின் மூளையில், ஒரு வழியாகத் திரவத்தைச் செலுத்தி மறுவழியாக உறிஞ்சும் இரட்டைக் குழாயை அப்பகுதியிலேயே வைத்து, நொதி வெளிவருவதை அந்த இடத்திலேயே பிடித்தார்கள்.