இணையவழி அவசர அழைப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலகங்களுக்கு இணையத் தொலைபேசி அமைத்துத் தருவது என் தொழில். அண்மையில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர், நாற்பது கருவிகளுக்கும் அவசர அழைப்பு முகவரியாக, அதாவது அவசர எண்ணை அழைத்தால் உதவி தேடி வரும் முகவரியாக, தலைமை அலுவலகத்தின் முகவரியையே நிரப்பி வைத்திருந்தார். அவற்றில் பாதி வேறொரு கட்டடத்தில் இருந்தன. அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை, ஏனெனில் அதைவிட மோசமான ஒன்றை நானே செய்திருக்கிறேன். மின்னஞ்சல் அனுப்பி ஆம்புலன்ஸை அழைக்கக் கூடாது என்பது போன்ற, எவருக்கும் தெரிந்தவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

கருவியை மாற்றிவிட்டு முகவரியை மாற்றாமல் விடுவது

செம்புக் கம்பியில் இயங்கிய பழைய தொலைபேசியில் எண்ணும் வீடும் பிணைந்தே இருந்தன. எந்தக் கம்பி எந்த வாசலுக்குப் போகிறது என்பது தொலைபேசி நிறுவனத்தின் பதிவேட்டில் இருந்தது. கைப்பேசியென்றால் கோபுரம் ஒரு தோராயமான இடத்தைக் காட்டும். போதாததற்கு, அவசர எண்ணை அழுத்தியவுடன் கருவியே தன் இருப்பிடத்தைக் கணித்து அனுப்பும் வசதி ஆண்ட்ராய்டில் 2016-இலும் ஐபோனில் 2018-இலும் வந்து, இன்று பல நாடுகளில் செயல்படுகிறது. மேசைமேல் வைக்கும் இணையத் தொலைபேசியோ எந்த இணைய இணைப்பில் செருகினாலும் அதே எண்ணில் பேசும். இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியைக் கொண்டு தெருவைக் கண்டுபிடிக்க முடியாது. நடுவில் விபிஎன், அதாவது இணைப்பை வேறொரு ஊரின் கணினி வழியாகத் திருப்பிவிடும் ஏற்பாடு, இருந்தால் நாடே மாறித் தெரியலாம். எனவேதான் அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டு முதல், பொதுத் தொலைபேசி வலையோடு இணைந்த இணையத் தொலைபேசி நிறுவனங்கள் வாடிக்கையாளரின் முகவரியைப் பெற்றுப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற விதி இருக்கிறது. கருவியின் இருப்பிடம் தானாகக் கணிக்கப்படாத போது, 911 என்ற அவசர எண்ணுக்கான அழைப்போடு கட்டுப்பாட்டு அறைக்குப் போவது அந்தப் பதிவு முகவரிதான், அழைப்பவர் நிற்கும் இடம் அன்று.

2008-இல் கனடாவின் கால்கரி நகரில் ஒரு குழந்தைக்காக இணையத் தொலைபேசியில் அவசர அழைப்பு விடுத்தார்கள். பதிவில் இருந்தது அந்தக் குடும்பம் முன்பு வசித்த ஒன்டாரியோ மாகாணத்து முகவரி. ஆம்புலன்ஸ் அங்கே போனது. குழந்தை இறந்துவிட்டது.

இந்தச் செய்தியை முன்பே படித்திருந்தும் நான் பாடம் கற்கவில்லை. ஓர் அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறியபோது, சனி, ஞாயிறு இரண்டே நாளில் எல்லாக் கருவிகளையும் கழற்றி, புதிய இடத்தில் பொருத்தி, திங்கட்கிழமை காலை ஒவ்வொன்றிலும் மணி அடிப்பதைக் கேட்டுப் பெருமையோடு வீடு திரும்பினேன். நான்கு மாதம் கழித்து அங்கே ஒருவருக்கு நெஞ்சு வலி. அழைத்தவர் பதற்றத்தில் நிறுவனத்தின் பெயரையும் ‘மூன்றாம் மாடி’ என்பதையும் மட்டும் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டார். ஸ்ட்ரெச்சரோடு வந்தவர்கள் பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறி, பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே இருந்த காவலாளிதான் புதிய இடத்தைச் சொல்லி அனுப்பினார். நோயாளி பிழைத்துக்கொண்டார், அதில் எனக்குப் பங்கில்லை. நிர்வாகப் பக்கத்தில் முகவரியைத் திருத்த எனக்கு ஆகியிருக்கக்கூடிய நேரம் ஐந்து நிமிடம். அந்தப் பக்கத்தை நான் திறக்கவே இல்லை.

இப்போது என் வழக்கம் வேறு. வட அமெரிக்காவில் இணையத் தொலைபேசி நிறுவனங்கள் பலவற்றில் 933 என்ற சோதனை எண் உண்டு. அதை அழுத்தினால், அந்தக் கருவிக்குப் பதிவான முகவரியை ஒரு பதிவுக் குரல் படித்துக் காட்டும். அது படிப்பதை, மாடி எண்ணும் அறை எண்ணும் உட்பட, நின்று கேட்ட பிறகே அடுத்த மேசைக்குப் போகிறேன். அத்தகைய எண் இல்லாத இடங்களில் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். உண்மையான அவசர எண்ணை அழைத்துச் சோதிப்பது தவறு. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் மடிக்கணினியில் வைத்திருக்கும் சாஃப்ட்ஃபோனுக்கும் (தொலைபேசியாக இயங்கும் செயலி), வைஃபை வழி அழைப்புக்காகக் கைப்பேசியில் கொடுத்து மறந்துபோன முகவரிக்கும் இதே கவனம் தேவை.

சமூக ஊடகத்தில் உதவி கேட்டுவிட்டுக் காத்திருப்பது

2017-இல் ஹார்வி புயல் வெள்ளத்தில் ஹூஸ்டன் மக்கள் பலர் ட்விட்டரில் முகவரியிட்டு உதவி கேட்டபோது, சமூக ஊடகத்தில் எழுதாமல் தொலைபேசியில் அழைக்கும்படி அமெரிக்கக் கடலோரக் காவல்படை கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. எண் கிடைக்கவே இல்லையென்றால் எழுதலாம், ஆனால் அழைப்பதை நிறுத்தக் கூடாது. பதிவைப் பார்க்கிறவரால், எத்தனை பேர் இருக்கிறீர்கள், தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று உடனுக்குடன் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

குறுஞ்செய்தி எல்லா இடத்திலும் செல்லும் என்று நம்புவது

அமெரிக்காவில் எல்லாக் கட்டுப்பாட்டு அறைகளும் குறுஞ்செய்தியை ஏற்பதில்லை. ஏற்காத இடமென்றால், அழைத்துப் பேசும்படி தானியங்கிப் பதில் வரும். பிரிட்டனில் 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்ப முன்கூட்டிப் பதிந்திருக்க வேண்டும். காது கேளாதவர்களுக்கும் வாய் திறந்தால் ஆபத்து என்ற நிலையில் இருப்பவர்களுக்கும் இது பெரிய உதவி. பேச முடிகிறவர் பேசுவதே விரைவானது. வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை, அவசர சேவைகளை அணுக அது வழி தருவதில்லை என்று அதன் விதிமுறைகளிலேயே எழுதியிருக்கிறது.

வெளியூரில் இருப்பவருக்காக உள்ளூர் அவசர எண்ணை அழைப்பது

காணொளி அழைப்பில் பேசிக்கொண்டிருந்தவர் கண்முன்னே சரிந்து விழுந்தால், நீங்கள் அழுத்தும் 112 உங்கள் பகுதிக் கட்டுப்பாட்டு அறைக்கே போகும். அவர் ஊருக்குப் போகாது. அங்குள்ள ஆம்புலன்ஸ் அல்லது காவல்துறையின் முழு எண்ணையும், பக்கத்து வீட்டாரின் எண்ணையும் இன்றே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மின்தடையை மறப்பது

ரவுட்டர் அணைந்தால் தொலைபேசியும் அணையும். கைப்பேசியைச் சார்ஜ் செய்து வையுங்கள்.