காய்கனிகளின் பிறப்பிடத்தைக் கண்டறியும் முறை

ஒரு காயின் பூர்விகத்தைத் தேடத் தொடங்கும் முன் அதன் தாவரவியல் பெயரை உறுதிசெய்துகொள்ள வேண்டும். மிளகும் மிளகாயும் வெவ்வேறு குடும்பத்துத் தாவரங்கள். ஆனால், காரமற்ற குடைமிளகாயும் காரமான மிளகாய்கள் பலவும் காப்சிகம் ஆன்னுவம் என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

அடுத்து, ‘எங்கே தோன்றியது’ என்ற கேள்வியை மூன்றாகப் பிரித்துக்கொள்க: காட்டு மூதாதை எங்கே வளர்ந்தது, மனிதர் அதை எங்கே பயிராக்கினர், இன்றைய வடிவம் எங்கே உருவானது. இணையத்தில் காணும் பட்டியல்கள் பெரும்பாலும் இம்மூன்றையும் ஒரே நாட்டின் பெயருக்குள் அடக்கிவிடுவதால்தான் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. தக்காளியின் காட்டு உறவினங்கள் ஆண்டிஸ் மலைத்தொடரை ஒட்டிய பெரு, ஈக்வடார் பகுதிகளில் வளர்கின்றன. பெரிய கனி தரும் பயிராக அது உருப்பெற்றது மெக்சிகோவில். அங்கிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவை அடைந்து, 1544இல் இத்தாலிய மருத்துவர் மத்தியோலியின் எழுத்தில் இடம்பெற்றது. ஆகவே ‘பெரு’ என்பவரும் ‘மெக்சிகோ’ என்பவரும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கிறார்கள். கேரட்டும் அப்படித்தான்: மத்திய ஆசியாவில் ஊதா, மஞ்சள் நிறங்களில் பயிரானது, ஆரஞ்சு நிறம் பின்னர் ஐரோப்பாவில் நிலைபெற்றது.

சான்றுகளைத் தேடும்போது காட்டு உறவினங்களிலிருந்து தொடங்குவதே நல்லது. ரஷ்யத் தாவரவியலாளர் வவிலோவ் 1929இல் கஜகஸ்தானின் அல்மாட்டியைச் சுற்றிய மலைச்சரிவுகளில் காட்டு ஆப்பிள் மரங்களைக் கண்டு, ஆப்பிளின் தாயகம் அதுவே என்று கருதினார்; முதன்மை மூதாதை அப்பகுதி மரமே என்பதைப் பிற்கால மரபணு ஆய்வுகள் உறுதிசெய்தன. விதையற்ற வாழைக்கு அகழாய்வில் விதையைத் தேடிப் பயனில்லை. அதன் இலைகள் மண்ணில் விட்டுச்செல்லும் நுண்ணிய சிலிக்காத் துகள்களே பப்புவா நியூகினியின் கூக் சதுப்புநிலத்தில் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முந்தைய வாழைச் சாகுபடியைக் காட்டிக்கொடுத்தன.

விரைவான சோதனைக்கு 1492 என்ற ஆண்டு உதவும். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, பப்பாளி, அன்னாசி ஆகியவை அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை என்பதால், கொலம்பஸின் பயணத்துக்கு முன்பே அவை ஆசியாவிலோ ஐரோப்பாவிலோ விளைந்ததாகக் கூறும் செய்தியை ஐயத்துடனேயே அணுக வேண்டும். இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு: அதே கண்டங்களில் பிறந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஐரோப்பியர் வருமுன்பே பசிபிக் பெருங்கடலின் பாலினீசியத் தீவுகளை எட்டியிருந்தது.

மூலிகைகளில்தான் கூடுதல் கவனம் தேவை. கொத்தமல்லி போன்றவை தோட்டத்திலிருந்து தப்பித் தரிசில் எளிதில் பரவுவதால், தானாக முளைத்து நிற்கும் செடியை உண்மையான காட்டுச்செடி என்று கொள்ள இயலாது. அங்கே அகழாய்வுச் சான்றுக்கே முதலிடம் தர வேண்டும். எகிப்தில் கொத்தமல்லி இயற்கையாக வளர்வதில்லை; எனவே அந்நாட்டின் பண்டைய மன்னன் துட்டன்காமனின் கல்லறையில் கிடைத்த மல்லி, அது அங்கே பயிரிடப்பட்டதற்கான சான்றாகக் கருதப்படுகிறது.