பலெர்மோ வீட்டுத் தக்காளி சல்சா

இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோவுக்கு வந்த புதிதில் ஒரு வயதான சிஞ்ஞோராவை, அதாவது ஒரு அம்மாவை, பராமரிக்கும் வேலை எனக்கு. அவருடைய குசினியில்தான் பஸ்தாவோடு புரட்டும் தக்காளிக் குழம்பான சல்சா வைக்கப் பழகினேன். ஊர்ப் பழக்கத்தில் என் கை மிளகாய்த்தூளைத் தேடும். அவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, "முதலில் தண்ணீரைப் போக்கு" என்பார். தக்காளித் தண்ணீர் உள்ளேயே நின்றுவிட்டால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் புளித்த சாறுதான் கிடைக்கும்.

ஓகஸ்ட் மாதம் பல்லாரோ சந்தையில் தக்காளி பெட்டி பெட்டியாக வரும். நீளமான சான் மர்சானோ வகையை எடுங்கள். அதில் சதை அதிகம், விதையும் நீரும் குறைவு. பக்கீனோ என்ற ஊரின் குட்டித் தக்காளி நல்ல இனிப்பு, ஆனால் தோல்தான் நிறைய மிஞ்சும். காம்புப் பக்கம் பச்சை தெரிந்தால் இரண்டு நாள் வெளியில் வைத்துப் பழுக்க விடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வாசம் போய்விடும்.

2 கிலோ தக்காளியைக் கழுவி, நீளவாக்கில் பிளந்து, எவர்சில்வர் பானையில் போடுங்கள். அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். ஒரு தேக்கரண்டி உப்பு மட்டும் போடுங்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் கூட ஊற்ற வேண்டாம். மூடி வைத்துச் சிறு தீயில் இருபது நிமிடம். தோல் சுருண்டதும் ஓட்டைத் தட்டில் கொட்டி, கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். மஞ்சளாக ஒரு நீர் வடியும். அதைக் கொட்டிவிடாமல் பருப்புக்கு ஊற்றுவேன்.

அப்புறம் அரைப்பது. இங்கே எல்லா வீட்டிலும் கைப்பிடி சுற்றும் சல்லடை ஒன்று இருக்கும், பஸ்ஸவெர்தூரே என்பார்கள். தோலும் விதையும் மேலே நிற்க, கூழ் கீழே இறங்கும். மேலே நின்ற தோலை இன்னொரு தடவை சுற்றுங்கள். கெட்டியான கூழ் அப்போதுதான் வரும். மிக்சியில் அடித்தால் விதை உடைந்து கசக்கும், காற்றுப் புகுந்து நிறமும் செம்மஞ்சளாகிவிடும். சல்லடை இல்லையென்றால் கம்பி வடியில் கரண்டியால் தேய்த்து எடுங்கள். கை வலிக்கும், ஆனாலும் அதுதான் சரி.

இனித் தாளிப்பு. 4 மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெயில் பாதி வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, நிறம் மாறாமல் வதக்குங்கள். உள்ளி பிடித்தால் வெங்காயத்துக்குப் பதிலாக இரண்டு பல்லை நசுக்கிப் போட்டு, பொன்னிறமாவதற்குள் எடுத்துவிடுங்கள். கருகினால் சல்சா முழுக்கக் கசக்கும். கூழை ஊற்றி, மெல்லிய தீயில் 25 நிமிடம், மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றால் ஆயிற்று. புளிப்புக் கூடினால் அரைத் தேக்கரண்டி சீனி. இந்த ஊரில் அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. அடுப்பை அணைத்த பிறகு பசிலிகோ (இத்தாலியத் துளசி வகை) இலை எட்டைக் கையால் கிழித்துப் போடுங்கள். நம் துளசி அதற்கு ஈடாகாது, கிராம்பு வாசம் வந்துவிடும்.

பஸ்தாவை ஒரு நிமிடம் முன்னதாகவே எடுத்து, அது வெந்த நீரில் ஒரு கரண்டியோடு சல்சாச் சட்டியில் புரட்டுங்கள். மேலே பொரித்த கத்தரிக்காயும் துருவிய உப்பு ரிக்கொத்தாச் சீஸும் இருந்தால் எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

மிஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் வைக்கலாம். குளிர்காலத்துக்குப் போத்தலில் போடுவதென்றால் எண்ணெய், வெங்காயம், உள்ளி எதுவும் சேராத வெறும் கூழைத்தான் போட வேண்டும். அரை லீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி கடைப் போத்தல் எலுமிச்சைச் சாறு கட்டாயம். புளிப்புக் குறைந்தால் போட்டுலிசம் என்ற உயிராபத்தான நோயைத் தரும் நஞ்சு உருவாகலாம். கொதிக்கும் கூழைச் சுடுபோத்தலில் ஊற்றி மூடி, பெரிய பானையில் அடுக்கி, போத்தல்கள் மோதாமல் இடையில் துணி செருகி, மூடிக்கு மேல் தண்ணீர் நிற்க, கொதி வந்ததிலிருந்து 40 நிமிடம் கொதிக்க விடுங்கள். மறுநாள் காலை ஒவ்வொரு மூடியையும் விரலால் அமுக்கிப் பார்ப்பேன். துள்ளுகிற மூடி இருந்தால் அந்தப் போத்தல் அன்றைய சமையலுக்கு.