பைத்தானில் ஏடபிள்யூஎஸ் பயனருக்குப் பாஸ்வேர்ட் வைப்பது

அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்-இல் பயனர்களையும் அனுமதிகளையும் கவனிக்கும் பகுதி ஐஏஎம் (IAM). அதில் கிரியேட்_யூசர் ஓட்டினால் பயனர் உருவாகிவிடுவார், ஆனால் கன்சோலுக்குள் (பிரவுசரில் திறக்கும் ஏடபிள்யூஎஸ் பக்கம்) நுழைய முடியாது, பாஸ்வேர்ட் வைப்பது தனி வேலை. அதற்கு, பைத்தானிலிருந்து ஏடபிள்யூஎஸ்-ஐ இயக்கும் லைப்ரரியான போட்டோ3-இல் (boto3) கிரியேட்_லாகின்_புரொஃபைல் இருக்கிறது; பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து, பாஸ்வேர்ட்ரீசெட்ரிக்வயர்டு என்பதை ட்ரூ ஆக்குங்கள், முதல் லாகினில் அவரே மாற்றிக்கொள்வார்.

பாஸ்வேர்டைக் கோடிலேயே எழுதி கிட்டில் (Git, கோடின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கருவி) ஏற்றிவிடாதீர்கள் (நான் ஏற்றியிருக்கிறேன், அன்று முழுக்க அதைத் துடைக்கும் வேலைதான்). பைத்தானின் சீக்ரெட்ஸ் மாட்யூலில் டோக்கன்_யூஆர்எல்சேஃப்(16) போட்டால் 22 எழுத்தில் ஒரு ரேண்டம் பாஸ்வேர்ட் வரும். அக்கவுண்டின் பாஸ்வேர்ட் விதி சிம்பல் கேட்டால் கடைசியில் ஒரு ஆச்சரியக்குறியை ஒட்டுங்கள், சரியாகிவிடும்.

ஏற்கெனவே பாஸ்வேர்ட் இருந்தால் எரர் வரும், அப்போது அப்டேட்_லாகின்_புரொஃபைல். அப்புறம் பலர் கோட்டைவிடும் இடம்: பயனர்கள் தங்கள் பாஸ்வேர்டை மாற்ற அக்கவுண்ட் அளவில் அனுமதி இல்லையென்றால் அந்த அனுமதியைத் தரும் ஐஏஎம்யூசர்சேஞ்ச்பாஸ்வேர்ட் பாலிசியை நீங்களே அவருக்கு இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாஸ்வேர்ட் மாற்றும் திரையிலேயே ஆள் மாட்டிக்கொள்வார்.