பசியாற்றக் கிளம்பும்போது சறுக்கும் இடங்கள்

ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் பல முதியோர் இல்லங்களில் சாப்பாடு மீந்து போகும். ஒருவர் பொங்கல் கொண்டு வருவார், இன்னொருவர் சாம்பார் சாதம், மதியம் வடை பாயசத்தோடு மூன்றாமவர். அடுத்த வாரம் அதே சமையலறையில் பருப்பு டப்பா காலியாக இருக்கும். தேதியையும் பதார்த்தத்தையும் நம் இஷ்டத்துக்கு முடிவு செய்வதால் வரும் வினை இது. பிறந்தநாளோ திதியோ, முதலில் ஒரு போன் போட்டு, எந்த நாளுக்கு ஆள் இல்லை, என்ன குறைகிறது என்று கேளுங்கள். துவரம் பருப்பு, எண்ணெய், கேஸ் சிலிண்டர் என்று பதில் வரலாம். சிலிண்டர் வாங்கிக் கொடுத்தால் புண்ணியம் சேராதா என்ன?

கல்யாணச் சோறு இதைவிடச் சிக்கலானது. மாலை ஐந்து மணிக்கு வடித்த சோறு மிச்சமிருப்பது இரவு பதினொரு மணிக்குத்தான் நினைவுக்கு வரும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வேகும் சூட்டையும் தாங்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகும். அப்போது உண்டாகும் நச்சுகளில் வாந்தி எடுக்க வைக்கும் ஒன்று, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. அதனால், ‘சுட வைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும்’ என்று நம்பிக் கொடுக்காதீர்கள். முதல் இரண்டு பந்தி முடிந்ததுமே எவ்வளவு மிஞ்சும் என்று சமையல் மாஸ்டருக்குத் தெரிந்துவிடும். கை படாத அண்டாவை அப்போதே மூடி, ஆவி பறக்க அனுப்புங்கள். சமைத்த நேரத்தை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். தேங்காய் அரைத்துச் சேர்த்தவற்றை அனுப்பாதீர்கள், சீக்கிரம் ஊசிப்போகும். கோவையில் 2014இல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் போன்ற அமைப்புகள் மீந்த உணவை எடுத்துச் சென்று கொடுப்பதையே வேலையாகச் செய்கின்றன. மண்டபம் புக் செய்யும்போதே அப்படி ஓர் அமைப்பிடம் பேசிவிட்டால் ராத்திரியில் அலைய வேண்டாம்.

வாங்குகிறவர் முகம் தெரிய போட்டோ எடுக்காதீர்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

பலரும் கவனிக்காத தவறு ஒன்று உண்டு. பொட்டலம் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று வந்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்காரர்களுக்கு 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம். பரம ஏழைகளுக்கான அந்த்யோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ வரை உண்டு. இவ்வளவு இருந்தும் தெருமுனைப் பாட்டி பட்டினி கிடக்கிறார் என்றால், அவருக்கு அட்டையே இல்லாமல் இருக்கலாம், பெயர் மகன் வீட்டு அட்டையில் மாட்டியிருக்கலாம், அல்லது கைரேகை பதியாமல் கடையிலிருந்து திரும்பியிருக்கலாம். கடைக்குப் போக முடியாதவருக்காக வேறொருவர் பொருள் வாங்கிவர அங்கீகாரப் படிவம் இருக்கிறது. அதை நிரப்பிக் கொடுத்து, வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வருவது நூறு பொட்டலத்தைவிடப் பெரிய உதவி என்பேன். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். ஊரில் முன்னுரிமை ரேஷன் அட்டை இருந்தால், ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் இங்கேயே அரிசி வாங்கலாம். இது தெரியாமல் வெளிக்கடையில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், மே மாதம். பள்ளியில் மதியம் சத்துணவு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டமும் சேர்த்து இரண்டு வேளை கிடைக்கிறது. கோடை விடுமுறையில் இரண்டும் நின்றுவிடும். பெற்றோர் இருவரும் கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அந்தப் பிள்ளை மதியம் என்ன சாப்பிடும்? தீபாவளிக்கு ஸ்வீட் பாக்கெட் வாங்க ஒதுக்கும் பணத்தில் பாதியை இதற்கு வைக்கலாம். முட்டை, கடலை, பயறு என்று வாங்கிக் கொடுங்கள், வெறும் அரிசி வேண்டாம். எந்த வீட்டுக்குத் தேவை என்று ஏப்ரலில் பள்ளி மூடுவதற்கு முன்பே சத்துணவு அமைப்பாளரிடம் கேளுங்கள். இரண்டாம் முறை சோறு கேட்டு வரும் பிள்ளைகள் யார் என்று அவருக்குத் தெரியும்.