இறக்கை இல்லாத கிளைடர்: மணிலா கார்டுல லிஃப்டிங் பாடி செய்யலாம் வாங்க

லிஃப்டிங் பாடிங்கிறது ஒரு வகை விமானம், அதுக்கு இறக்கையே கிடையாது, உடம்போட வடிவம்தான் அத தூக்கிப் பிடிக்குது. நாசாவுல டேல் ரீட்ங்கிற இன்ஜினியர் முதல்ல சின்ன மாடல் செஞ்சு பறக்கவிட்டுக் காட்டினாரு, அப்புறம்தான் 1963-ல ஆள் உக்காந்து ஓட்டுற எம்2-எஃப்1 விமானம் வந்துச்சு, பிளைவுட் உடம்பு, போன்டியாக் கார்ல கட்டி இழுத்தாங்க. நம்மளும் அதே வடிவத்தத்தான் எடுக்கப் போறோம், பாதியா அறுத்த கூம்பு, தட்டையான பக்கம் மேல.

மணிலா கார்டு, கம், செலோடேப்பு, பிளாஸ்டிசின் (பிள்ளைங்க உருட்டி விளையாடுற களிமண்), பாகைமானி, இவ்வளவுதான், எல்லாமே ஸ்டேஷனரி கடையில கிடைக்கும்.

மேல் பக்கத்துக்கு ஒரு முக்கோணம் வெட்டுங்க, ரெண்டு பக்கம் 30 செ.மீ., நுனியில 26 டிகிரி. அடிப்பக்கத்துக்கு நூல்ல பென்சில் கட்டி 30 செ.மீ. ஆரத்துல வளைவு போட்டு 40 டிகிரிக்கு விசிறி மாதிரி வெட்டி, அத வளைச்சு முக்கோணத்தோட ரெண்டு ஓரத்துலயும் டேப்பு போட்டு ஒட்டிடுங்க. நுனிய 2 செ.மீ. வெட்டிட்டு பிளாஸ்டிசின உருண்டையா அடைச்சிடுங்க, மூக்கு மொழுக்குன்னு இருக்கணும்.

பின் மூலை ரெண்டுலயும் 5 செ.மீ. உயரத்துல நிக்கிற வால் ஒட்டுங்க. அதுக்கு வெளிப்பக்கமா 3 செ.மீ. அகலத்துல படுத்த மாதிரி ஒவ்வொரு துண்டு, எம்2-எஃப்1-ல இதத்தான் யானைக் காதுன்னு கூப்பிட்டாங்க. காதோட பின்னோரத்த லேசா மேல மடிச்சு விடுங்க.

இப்பதான் ரொம்ப முக்கியமான வேலை, பேலன்ஸ். மூக்குலேருந்து 16 செ.மீ. தள்ளி ரெண்டு விரல்ல தாங்கிப் பாருங்க, மட்டமா நிக்கிற வரைக்கும் மூக்குல பிளாஸ்டிசின் சேருங்க, இத அவசரப்பட்டு விட்டுட்டு எறிஞ்சா எவ்வளவு அழகா ஒட்டியிருந்தாலும் பறக்காது.

பினாங்குல இருக்கிறவங்க கடலோரத் திடலான பாடாங் கோத்தாவுக்கு காலையிலயே போயிடுங்க, வெயில் ஏறினா கடல் காத்து எழும்பிடும். கடலுக்கு முதுகு காட்டி நின்னு, காகித ராக்கெட் மாதிரி மேல நோக்கி எறியாம மூக்க கொஞ்சம் கீழ பாத்து வச்சு வேகமா நேரா தள்ளுங்க, ஏன்னா இதுக்கு வேகம் இருந்தாதான் தூக்குற சக்தி வரும். ஒரு மீட்டர் இறங்கினா ரெண்டு மீட்டர் முன்னாடி போனாலே நல்ல கிளைடர்தான், மனசு விட்டுடாதீங்க.

நேரா தரையில குத்தினா ரெண்டு காதையும் இன்னும் கொஞ்சம் மேல மடிங்க. மூக்கு தூக்கி நின்னுட்டு விழுந்தா பிளாஸ்டிசின் சேருங்க. இடது பக்கம் சாஞ்சா வலது காத மட்டும் கூட மடிங்க. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாத்தம்தான், அதுவும் ரொம்ப சின்னதா, அப்பதான் எதனால சரியாச்சுன்னு தெரியும். நேரா போக ஆரம்பிச்சதும் ஸ்டூல் மேல நின்னு விட்டுப் பாருங்க.